வைஃபை விட்டு விட்டு வருகிறதா? ரிப்பீட்டர், மெஷ், கேபிள், கம்பெனி மாற்றம்: எதில் காசு போடலாம்

வீட்டு இணைப்பு ஒரேயடியாகப் போய்விட்டால் சமாளித்துவிடலாம். போன் போட்டுச் சொன்னால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். பத்து நிமிடம் இருந்து, இரண்டு நிமிடம் போய், மறுபடி வருவதுதான் பெரிய தொல்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து கோவை சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்கு வேலை பார்க்கும் பெண், மீட்டிங் நடுவே நான்கு முறை காணாமல் போனால் அவள் வேலைக்கே ஆபத்து. திருப்பூரில் துணி வாங்கும் பையருக்கு வீடியோவில் சாம்பிள் காட்டும் மெர்ச்சன்டைசருக்கும் இதே கதைதான்.

இந்த நிலையில் கடைக்குப் போனால் ரிப்பீட்டர் (வைஃபை அலையை வாங்கி மறுபடி பரப்பும் சின்னக் கருவி) கொடுப்பார்கள். இணையத்தில் தேடினால் மெஷ் (ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் பெட்டிகளின் செட்) வாங்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனியை மாற்றச் சொல்வார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவது எங்கே என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். தெரிந்த பிறகு, சொந்த வீடாக இருந்தால் பெரும்பாலும் ஒரு லேன் கேபிளும் (கருவிகளை இணையத்தோடு சேர்க்கும் வயர்) அதன் முனையில் வைஃபை பரப்பும் ஒரு அக்சஸ் பாயின்டும் போதும், கூடவே கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்டும் பேட்டரியான ஒரு மினி யூபிஎஸ். மெஷ் அதற்கு அடுத்ததுதான். கம்பெனியை மாற்றுவது கடைசி வழி.

முதலில் விளக்குகளைப் பாருங்கள்

இணைப்பு போகும் அந்த நிமிடத்தில் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியை, அதாவது கம்பெனி மாட்டிய வைஃபை பெட்டியை, போய்ப் பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி உள்ளே வரவில்லை. கோளாறு வீட்டுக்கு வெளியே ஃபைபரில் இருக்கிறது, அல்லது பெட்டியின் பின்னால் சொருகிய முனையில் இருக்கிறது. எல்லா விளக்கும் அணைந்து ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தால் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறது, அது கரண்ட் பிரச்சினை. எல்லா விளக்கும் வழக்கம்போல் இருக்க, போனில் மட்டும் வைஃபை குறி மறைந்தால் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் உள்ள ரேடியோ அலையில் குறை. குறி அப்படியே இருந்து ‘இணையம் இல்லை’ என்று வந்தால், ஒன்று பெட்டி திணறுகிறது, இல்லையென்றால் கம்பெனியின் பக்கத்தில் கோளாறு.

இதை உறுதி செய்ய லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து, ஒன்றில் பெட்டியின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (வெளியே இருக்கும் கூகுளின் முகவரி) தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். இரண்டும் சேர்ந்து அறுந்தால் குறை வீட்டுக்குள். முதலாவது ஓடிக்கொண்டிருக்க இரண்டாவது மட்டும் நின்றால் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. அதே லேப்டாப்பை லேன் கேபிளில் சொருகியும் பாருங்கள். கேபிளில் அறுபடவில்லை, வைஃபையில் மட்டும் அறுகிறது என்றால் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டிப் பயனில்லை. எந்த நேரத்தில் போகிறது என்றும் காலண்டரில் குறித்து வையுங்கள். காற்று மழையில் போவது, மோட்டார் போடும்போது போவது, ராத்திரி ஏழு மணிக்கு மேல் போவது, மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்.

ஃபைபரில் குறை என்றால்

கோபிக்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. காற்றடித்தால் இணைப்பு போகும். அவர் பெரிய மெஷ் செட் ஒன்றுக்கு ஆர்டர் போடக் காத்திருந்தார்.

“ஏங்கண்ணு, பொட்டிய மாத்திப்போட்டா செரியாப் போயிருமா?”

“பொட்டி நல்லாத்தானுங்க சித்தப்பா இருக்குது. வயருதான் தென்னமரத்துல ஆடுது.”

ரோட்டுக் கம்பத்திலிருந்து வரப்போரம் தென்னை தென்னையாகக் கட்டி இழுத்த ஃபைபர் அது. நடுவில் ஒரு இடத்தில் மட்டை விழுந்து அறுந்ததை ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு, பெட்டி எதற்குள்ளும் இல்லாமல் கறுப்பு டேப் சுற்றி, ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மரம் ஆடும்போதெல்லாம் ஒட்டும் வளைந்தது. ஃபைபர் அதிகம் வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி இழைதானே. மரத்தை விட்டு விலக்கி, சின்ன ஜாயின்ட் பாக்ஸ் வைத்து, புதிதாக ஸ்ப்ளைஸ் அடித்த (இழையை உருக்கி ஒட்டிய) பிறகு சரியாகிவிட்டது. மெஷ் வாங்கியிருந்தால் அது அலமாரியில் ஏறியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இதுவா என்று தெரிந்துகொள்ள ஒரு எண் உதவும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) ஆர்எக்ஸ் பவர் அல்லது ஆப்டிகல் பவர் என்று, உள்ளே வரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் காட்டும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் பெட்டியின் பார்வை மங்கிவிட்டது என்று பொருள், லேசான காற்று மழைக்கே அறும். ஒவ்வொரு 3 டிபி குறைவுக்கும் ஒளி பாதியாகிறது. காலையில் ஒரு முறை, மழையில் ஒரு முறை இந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லைன்மேனுக்கு அனுப்புங்கள். “அடிக்கடி போகுதுங்க” என்று சொல்வதைவிட “மழையில மைனஸ் 28-க்குப் போகுதுங்க” என்று சொன்னால் அவர் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வருவார். செலவு பெரும்பாலும் உங்களுடையதல்ல.

வைக்கோல் லோடு ஏற்றிய லாரி, அணில், தெருவில் கேபிள் தாழ்ந்து தொங்குவது, இவையெல்லாம் இந்த வகையில்தான் சேரும். வீட்டுக்குள் எந்தப் பொருளை வாங்கி வைத்தாலும் இதற்கு மருந்தாகாது.

கரண்ட்டில் குறை என்றால்

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். பல்லடம், சோமனூர் போன்ற தறி ஊர்களில் கரண்ட் ஒரு நொடி போய் வருவது பலருக்குக் கண்ணிலேயே படாது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த இமைப்பொழுதில் பெட்டி அணைந்து, மறுபடி எழுந்து, இணையம் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வைஃபை கோளாறாகவே தெரியும்.

“எங்க வீட்லதான் இன்வெர்ட்டர் இருக்குதே” என்பார்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ. நார்மலில் இருந்தால் மெயின் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கூடுதல், மின்விசிறிக்கு அது பொருட்டில்லை, ஃபைபர் பெட்டி தாங்காது. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைந்துவிடும். காசு செலவில்லாத தீர்வு. ஒரே ஒரு குறை: யூபிஎஸ் நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்கு மாறிவிடும். வோல்டேஜ் எப்போதும் தள்ளாடும் ஊரில் பேட்டரி சீக்கிரம் களைத்துப்போகும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, பெட்டிக்கு மட்டும் மினி யூபிஎஸ் வாங்குவது நல்லது. சுமார் 1,200 முதல் 2,000 ரூபாய். அது 12 வோல்ட்டை இடைவெளியே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வாங்குமுன் பழைய அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், 1 அல்லது 1.5 அல்லது 2 ஆம்பியர். சில பெட்டிகள் 9 வோல்ட். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது; வோல்ட் மாறவே கூடாது. அந்த அடாப்டரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வருடக்கணக்கில் ஓடிச் சூடேறிய அடாப்டர், சுமை கூடும்போது வோல்டேஜை விட்டுவிடும். பகலில் நன்றாக இருந்து, எல்லோரும் போனும் டிவியும் பார்க்கும் ராத்திரியில் மட்டும் பெட்டி ரீஸ்டார்ட் ஆனால் இருநூறு முந்நூறு ரூபாய் அடாப்டரை முதலில் மாற்றுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மினி யூபிஎஸ் முழுதாகத் தாங்காது, சில மணி நேரம்தான். அப்புறம், உங்கள் பெட்டி உயிரோடு இருந்தும் இணையம் இல்லையென்றால் உங்கள் கேபிள்காரரின் ஸ்விட்ச் (இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) யாரோ ஒருவர் வீட்டு மாடியில் பேட்டரி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நடுவில் ஒளியைப் பிரிக்க, கரண்ட் தேவைப்படாத ஸ்ப்ளிட்டர்கள் மட்டுமே இருக்கும் ஜிபான் வகை இணைப்பில் இந்தத் தொல்லை குறைவு. புது இணைப்பு எடுக்கும்போது கேட்டு வைக்க வேண்டிய கேள்வி இது.

ரேடியோ அலையில் குறை: காசில்லாத வேலைகள்

இங்கேதான் ரிப்பீட்டர், மெஷ், கேபிள் எல்லாம் வருகின்றன. அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

திருப்பூர் லைன் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பவுண்டில் எட்டுப் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு பெட்டி. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (தடங்கள்) 1, 6, 11 என மூன்றே மூன்று. மூன்று தடத்தில் பத்துப் பேர் கத்தினால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. போனில் வைஃபை அனலைசர் செயலி போட்டு, இருப்பதில் காலியானதைப் பார்த்து நிலையாக வையுங்கள், ‘ஆட்டோ’வில் விட வேண்டாம். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். இன்னும் நல்லது, முடிந்த சாதனத்தையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. அது சுவரைத் தாண்டுவது குறைவு என்பது பெரிய வீட்டில் குறைதான், லைன் வீட்டில் அதுவே லாபம்: பக்கத்து வீட்டு அலையும் உங்கள் வீட்டுக்குள் அதிகம் வராது.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும், தாவும்போது அறும். தனித்தனிப் பெயர் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் ‘அடிக்கடி போகிறது’ என்பது இதோடு தீர்ந்துவிடுகிறது.

பெட்டி இருக்கும் இடமும் முக்கியம். கேபிள் நுழைந்த ஜன்னலோரத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது டிவி ஷோகேசுக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தால் அலை எங்கே போகும்? நடு வீட்டில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்லி வாங்குங்கள். பெட்டிக்கு அருகே மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அது ஓடும் நேரம் 2.4 அலை கலங்கும்.

ரிப்பீட்டர், மெஷ், கேபிள்

இதையெல்லாம் செய்தும் பின்கட்டிலோ மாடியிலோ போனில் அந்த அனலைசர் செயலி காட்டும் வைஃபை சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் (வீடியோ காலுக்கு மைனஸ் 67-க்கு மேல் இருப்பது நல்லது) இன்னொரு அலைபரப்பி தேவைதான்.

ரிப்பீட்டரின் விலை சுமார் 1,200 முதல் 2,500. வாங்கிச் சொருகினால் போதும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது, அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இன்னொன்று, எல்லோரும் சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டுபோய்ச் சொருகுகிறார்கள். அதற்கே அங்கே சரியாகக் கேட்காதபோது உங்களுக்கு எதைச் சொல்லும்? பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில்தான் அதன் இடம். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது, ஒரு அறையில் ஒரு போனுக்கு வாட்ஸாப்பும் பாட்டும் வந்தால் போதும் என்பவர்களுக்கு ரிப்பீட்டர் சரி. வேலைக்கான மீட்டிங்குக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

மெஷ் அதைவிட நாகரிகமான ஏற்பாடு. இரண்டு பெட்டி செட் சுமார் 6,000 முதல் 12,000 வரை. ஒரே பெயர், மாடிப்படி ஏறும்போது போன் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடிப்பது பெரும்பாலும் அறுபடாமல் நடக்கும். ஆனால் அந்தப் பெட்டிகளும் தங்களுக்குள் காற்றில்தான் பேசிக்கொள்கின்றன. போனுக்கு வரும் அலையைத் தடுக்கும் சுவர் மெஷ் பெட்டிக்கும் அதே சுவர்தான். ஒன்றரை அடி செங்கல் சுவர் வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீடுகளில் விலை உயர்ந்த மெஷ்ஷும் மூச்சு வாங்கும். படிக்கட்டு திறந்தவெளியாக இருக்கும் புது கான்கிரீட் வீட்டில், கேபிள் இழுக்க மனமில்லை என்றால் மெஷ் நல்ல தேர்வு. ஒவ்வொரு பெட்டியிலும் லேன் போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பின்னால் கேபிளில் இணைக்க வழி இருக்கும்.

என் ஓட்டு கேபிளுக்கே. பெட்டியிலிருந்து மாடிக்கோ பின்கட்டுக்கோ ஒரு கேட்6 (லேன் கேபிளின் ஒரு வகை) கேபிள், அதன் முனையில் ஒரு அக்சஸ் பாயின்ட். மீட்டருக்கு 20 முதல் 40 ரூபாய் கேபிள், வயரிங் செய்பவருக்குக் கூலி, அக்சஸ் பாயின்ட் 2,000 ரூபாய் சுற்றளவில். கைவசம் பழைய ரூட்டர் இருந்தால் அதுவும் மிச்சம். அதன் டிஎச்சிபி-யை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் மாற்றி, கேபிளை அதன் லேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் அல்ல) சொருகினால் அக்சஸ் பாயின்ட் தயார். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வெவ்வேறு சேனல். கேபிளில் போகும் தகவலைச் சுவரும் தடுக்காது, பக்கத்து வீட்டுப் பெட்டியும் தடுக்காது. எனக்கு இதில் பிடித்தது வேகத்தைவிட நிலைத்தன்மைதான், ஒரு முறை இழுத்துவிட்டால் வருடக்கணக்கில் அதன் நினைப்பே வராது.

கேபிள் வாங்கும்போது கவனம். விலை குறைவானவற்றில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள், வளைத்தால் உள்ளே ஒடிந்துவிடும். சுத்த செம்பு என்று அச்சடித்ததை வாங்குங்கள். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியையும் முனையில் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி) தரச் சொல்லுங்கள். நான்கு மட்டும் இணைத்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்-ஸோடு நின்றுவிடும். கரண்ட் வயர் போகும் அதே குழாயில் லேன் கேபிளைத் திணிக்க விடாதீர்கள், பிவிசி கேசிங் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்துச் சாளைக்கும் (தோட்டத்துக் குடிசைக்கும்) கோழிப்பண்ணைக்கும் கணக்கு வேறு. வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கோ, பண்ணைக் கேமராவுக்கோ வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பது ஒரு காரணம், இடி பெரிய காரணம். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் பக்கத்தில் இடி விழுந்தால் அந்தச் செம்பு வழியாகவே மின்னதிர்ச்சி வந்து இரண்டு பக்கப் பெட்டியும் போய்விடும். ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளாக மாற்றும் கருவி) வைப்பது பாதுகாப்பு. குறுக்கே மரமில்லாமல் நேர் பார்வை இருந்தால் ஒன்றையொன்று பார்த்து அலையில் பேசிக்கொள்ளும் 5 கிகாஹெர்ட்ஸ் பாயின்ட் டு பாயின்ட் கருவி ஒரு ஜோடி, இன்னும் சுலபம். தென்னந்தோப்புக்குக் குறுக்கே அது ஒத்துவராது.

கரண்ட் வயரிலேயே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு அறை இரண்டு ஃபேஸில் இருந்தாலோ, ஒன்று இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலோ அது தடுமாறும். விட்டுவிடுங்கள்.

சொந்த ரூட்டர், புதுக் கம்பெனி

அணைத்துப் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, அப்புறம் பழையபடி என்றால் கம்பெனி கொடுத்த பெட்டி திணறுகிறது. டிவி, கேமரா, ஐந்தாறு போன் என்று சேர்ந்தால் சில பெட்டிகள் சூடேறிவிடும். அதை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில்) போடச் சொல்லி, 3,000 – 4,000 ரூபாயில் வைஃபை 6 ரூட்டர் ஒன்றைப் பின்னால் வைத்தால் சரியாகும். கம்பெனியின் இணைப்பில் நுழையும் பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்றால், பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்து, புது ரூட்டரை அதன் லேன் போர்ட்டில் சேர்த்தாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

கம்பெனியை மாற்றுவது எப்போது? கேபிளில் சொருகிய லேப்டாப்பிலும் 8.8.8.8 மட்டும் நிற்கிறது, ஒளி அளவு நன்றாக இருக்கிறது, தினமும் ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை இதே நிலை என்றால் அவர்களின் மேல் இணைப்பில் நெரிசல். புகார் எண் வாங்கி இரண்டு மூன்று முறை சொல்லியும் மாறவில்லையென்றால் தாராளமாக மாறலாம். புதியவரின் கேபிளும் அதே தெருவில் அதே மரங்களைத் தொட்டுத்தான் வரப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

2023-இல் வந்த ஏர்ஃபைபர் வகை 5ஜி இணைப்புகளில் அறுந்து விழக் கேபிளே இல்லை. ஃபைபர் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு அது பெரிய வரம். ஆனால் டவர் பக்கம் பார்வை திறந்திருக்க வேண்டும், மாலையில் டவரில் கூட்டம் கூடினால் வேகம் இறங்கும். ஃபைபர் கிடைக்கும் வீட்டில் ஃபைபரை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வேலை செய்பவர் இருந்தால் இதை இரண்டாவது இணைப்பாக வைப்பது சரியாக இருக்கும்.

எதற்கு மாறினாலும் பழைய இணைப்பை உடனே துண்டிக்காமல் ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொல்வார்கள். மாதாமாதம் கட்டும் பிளானையே எடுத்து, ஐப்பசி கார்த்திகை மழை தாண்டும் வரை அதிலேயே இருங்கள்.